முப்பத்தோராம் நாள் வான்கோழி

சென்ற ஒக்ரோபர் மாதம் 13ஆம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் 11 மணி 20 நிமிடம். வெப்பநிலை பதினொரு பாகை. வடமேற்கிலிருந்து இலேசான காற்று. வானத்தை எட்டாகப் பிரித்தால் ஐந்து பங்கு முகில். மழை இல்லை.

இலங்கையில் இருபத்தாறு ஆண்டுகள் வானிலை அவதானிப்பாளனாக வேலை செய்தவன் நான். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெளியே போய், முகிலை எண்ணி, மழைமானியைப் பார்த்து, கொப்பியில் எழுதிவைப்பது தொழில். தொழில் போய்விட்டது. எண்ணுவது போகவில்லை.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், பதினோராம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கதவை யாரோ மூன்று தடவை தட்டினார்கள். திறந்தேன்.

என் மனைவியின் தமையன் தில்லையம்பலம் நின்றார். வெள்ளை வேட்டி, குளிருக்கு அதன்மேல் கறுப்பு ஜக்கெற், கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. பைக்குள் பூமாலை. மொன்றியலில் இருப்பவர். எங்களோடு பேசிப் பதினொரு ஆண்டுகள்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "படம் எங்க வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார்.

"என்ன படம்?"

"என்ர தங்கச்சியின்ர படம்."

என் முதுகுக்குப் பின்னால், பன்னிரண்டு அடி தூரத்தில், குசினிக்குள் அவருடைய தங்கச்சி தக்காளிப்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு மாற்றியிருந்தது. திடுக்கிடுகிற மாதிரி எதுவும் நடக்கக்கூடாது என்று வைத்தியர் எனக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார். பதினொரு ஆண்டுகளாகக் காணாத தமையன், அவளுடைய படத்துக்குப் போட மாலையோடு வந்து நிற்பதைவிடத் திடுக்கிட என்ன இருக்கிறது? கதவு நிலையில் இரண்டு கையையும் வைத்து வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

மச்சானை இப்படியே வாசலில் நிறுத்திவிட்டு, அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்ல வேண்டும்.

விட்டுப்போன வரி

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மகளின் கலியாணம். அழைப்பிதழை நான்தான் எழுதினேன். அச்சகத்திலிருந்து வந்த பிரதியை மூன்று தடவை ஒப்புநோக்கினேன். எழுத்துகளை எண்ணினேன், வரிகளையும் எண்ணினேன். இருபத்திரண்டு வரிக்குமேல் அட்டையில் இடமில்லை என்று அச்சகத்தார் சொன்னதால் சில பெயர்களை ஒன்றாக்கினேன். அறுநூறு அட்டை அடித்து, நானூற்றுப் பத்தைத் தபாலில் போட்ட பிறகுதான் என் மனைவி இராசமலர் கேட்டாள்: "அண்ணையின்ர பேர் எங்க?"

தாய்மாமன் பெயர் இல்லை. ஒன்றாக்கிய இடத்தில் அது விழுந்துவிட்டது. தாய்மாமன் பெயர் இல்லாத கலியாண அட்டை எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் கலியாணத்துக்கு வரவில்லை. ஒரே ஒரு தடவை தொலைபேசியில் என்னோடு பேசினார். "உன்ர எண்ணிக்கைக்குள்ள நான் வரேல்லை. அவ்வளவுதான். விளங்குது," என்றார். வைத்துவிட்டார்.

இராசமலர் என்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மொன்றியலுக்கு எடுப்பாள். அந்தப் பக்கம் ஒன்பது தடவை மணி அடித்து ஓயும். அவள் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குப் போவாள்.

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோன அன்று, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் லிஃப்ற்றுக்குக் காத்திருந்த நேரத்தில், அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அண்ணையிட்டச் சொல்ல வேண்டாம். பயத்தில வரவேண்டாம். தானா வரட்டும்."

நான் சொல்லவில்லை. இருபத்தொரு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவர் வரவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவளுடைய கண் வாசலுக்குப் போய்த் திரும்பும். அதையும் நான் எண்ணினேன். எத்தனை என்று இங்கே எழுத மனமில்லை.

சோற்றுப் பெட்டிகள்

அவள் வீட்டுக்கு வந்தது செப்ரெம்பர் 13. அதற்கு முன்னும் பின்னும் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் இருபத்துமூன்று பேர். கட்டடத்து ஆட்கள், பிளாசாவில் கடை வைத்திருப்பவர், கோயிலில் கண்டு பழகியவர்கள், நான் பதினேழு ஆண்டுகள் பெட்டி அடுக்கிய தொழிற்சாலையில் கூட நின்றவர்கள். மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகள். சுடுசோற்றின் ஆவி பட்டு மூடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். எந்தப் பெட்டி யாருடையது என்று நாடாவில் பெயர் எழுதி ஒட்டிவைத்தேன்.

இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? எங்கள் ஆட்களிடம் வாய் திறந்து நன்றி என்று சொன்னால் கோபம் வந்துவிடும். கடைக்காரரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஏன் அண்ணை, நான் என்ன பிறத்தியாளே?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வழி சொன்னவர் எட்டாம் மாடி நசீமா. மன்னாரைச் சேர்ந்தவர், மருந்துக்கடையில் வேலை. இராசமலருக்கு மூச்சு முட்டிய அன்று அம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இருந்தவர் அவர்தான்.

"தாங்ஸ்கிவிங் வருது அங்கிள். எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு குடுங்க. இந்த நாட்டுச் சாட்டில சொன்னா ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க."

நல்ல யோசனை. ஆனால் எனக்கு ஒரு நோய். எதையும் எப்போது, எங்கே, யார் தொடங்கினார்கள் என்று தெரியாமல் செய்ய மாட்டேன். நூல்நிலையத்துக்குப் போனேன். நான்கு நாட்கள்.

எத்தனை பிறந்த நாள்

முதலாவது புத்தகத்தின்படி, நானூறு ஆண்டுகளுக்கும் முன்னர் ஓர் ஆங்கிலேயக் கடலோடி வடதுருவப் பக்கம் கப்பல்களோடு வந்தார். பனிப்பாறைக்குள்ளும் புயலுக்குள்ளும் கப்பல்கள் சிதறிவிட்டன. ஒன்று மூழ்கியது. மற்றவை இருக்கின்றனவா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாக ஒரே குடாவில் வந்து சேர்ந்தன. அங்கே இறங்கி முழங்காலிட்டு நன்றி சொன்னார்கள். உப்பிட்ட இறைச்சியும் பிஸ்கற்றும் பட்டாணியும் தின்றார்களாம்.

அறுவடைத் திருநாள் என்கிறார்கள். அந்தக் குடாவில் ஒரு நெல் மணியோ கோதுமை மணியோ முளைக்காது. வெறும் கல்லும் பனியும். புத்தகத்தை மூடி விரலை அதற்குள் வைத்துக்கொண்டு யோசித்தேன். விளைச்சல் என்று ஒன்றும் இல்லாத இடத்தில் நின்று எதற்கு நன்றி சொன்னார்கள்? எண்ணிப் பார்த்தபோது ஆட்கள் இருந்தார்கள். அதற்கு.

இரண்டாவது புத்தகம் அதை ஏற்கவில்லை. கிழக்குக் கரையில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள், குளிர்காலத்தில் ஆட்கள் நோயில் செத்துக்கொண்டிருந்ததால், உயிரைப் பிடித்துவைக்க விருந்துகள் நடத்தினார்கள், அதுதான் தொடக்கம் என்றது. அந்த மண்ணுக்குரிய மக்களும் பந்தியில் இருந்தார்களாம். மூன்றாவது புத்தகம் இரண்டையும் தள்ளிவிட்டது. வான்கோழியும் பூசணிக்காயும் தெற்கே அமெரிக்காவிலிருந்து போருக்குப் பின் ஓடிவந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் என்றது. வேறு நாட்டிலிருந்து போரால் ஓடிவந்தவர்கள் தங்கள் சாப்பாட்டை இங்கே நிலைநாட்டினார்கள் என்பதை நான் உடனே நம்பினேன். ஸ்காபரோவில் அதற்குச் சாட்சி தேவையில்லை.

பிறகு அரசாங்கம் வந்தது. ஒரு தடவை, கடும் காய்ச்சலில் கிடந்த ஓர் இளவரசர் பிழைத்ததற்காக நாடு முழுவதும் நன்றி நாள் வைத்தார்கள். அது சித்திரை மாதம், அறுவடையே இல்லை. பிறகு ஆண்டுக்கு ஆண்டு திகதியை மாற்றி மாற்றி, கடைசியில் ஒக்ரோபரின் இரண்டாம் திங்கள் என்று ஆணி அடித்தார்கள்.

நான்காம் நாள், நூல்நிலையத்தில் வேலை செய்கிற பெண் நான் வைத்திருந்த மூன்று புத்தகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு மெல்லிய நூலைக் கொண்டுவந்து மேலே வைத்தாள். இந்த மண்ணின் மக்கள் சோளத்துக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் விண்மீனுக்கும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றி சொல்லிவந்ததைப் பற்றிய நூல். அவர்கள் எப்போது தொடங்கினார்கள் என்று தேடினேன். திகதி இல்லை. ஆண்டு இல்லை. நூற்றாண்டுகூட இல்லை.

திகதி இல்லாத எதையும் நான் என் வாழ்நாளில் நம்பியதில்லை. அன்றைக்கு அந்த நூலை நான் மூடவில்லை. காற்றுக்கு நன்றி. நான் இருபத்தாறு ஆண்டுகள் காற்றின் வேகத்தை அளந்தேன். ஒரு நாளும் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை.

நசீமாவிடம் இந்த வழக்கு முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஆர் முதல்ல சொன்னதெண்டு தெரிஞ்சாத்தான் நீங்க சொல்லுவீங்களோ அங்கிள்? சனிக்கிழமைக்கு முதல் சொல்லுங்க, எனக்கு வான்கோழி ஓடர் பண்ண வேணும்."

ஒரு சொல்

தமிழில் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று மேலும் ஒரு நாள் போனது. நன்றியறிதல், நன்றி தெரிவித்தல் என்று எழுதி எழுதி வெட்டினேன். கடைசியில், எங்கோ பல தடவை அச்சில் கண்ட, காதுக்கு இதமான ஒரு சொல் தானாக வந்தது. அதைப் பெரிய எழுத்தில் தலைப்பாக்கினேன். எழுதியது இது:

"நன்றி நவிலல். எனது அன்பு மனைவி இராசமலர் நோயுற்றிருந்த வேளையில் நேரில் வந்தும், தொலைபேசியூடாகவும் ஆறுதல் கூறியும், உணவளித்தும், பல வழிகளிலும் உதவிய அனைவருக்கும் எமது உளமார்ந்த நன்றி. முப்பத்தோராம் நாளாகிய 13.10 திங்கட்கிழமை நண்பகல் எமது இல்லத்தில் நடைபெறும் மதியபோசனத்தில் கலந்துகொள்ளுமாறு அன்புடன் அழைக்கிறோம்."

வாசகர்கள் இப்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள். அவள் வீட்டுக்கு வந்த நாளை ஒன்று என்று வைத்து எண்ணினால் அந்தத் திங்கள் சரியாக முப்பத்தொன்று. எண்ணிக்கை பொருந்தி வந்ததில் எனக்குப் பெருமை. எண்ணுகிறவனுக்கு எண் தெரியும், அது வேறு எங்கே வழக்கமாக நிற்கிறது என்பது தெரியாது.

மகள் கணினியில் அடித்துத் தந்தாள். சின்ன வயதில் இங்கே வந்து படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அம்மாவின் படத்தை முட்டை வடிவத்தில் வெட்டி மேலே வைத்தாள், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. "தமிழ் நோட்டீஸ் எல்லாம் இப்பிடித்தானே அப்பா இருக்கும்?" என்றாள். நசீமாவுக்கும் காட்டினேன். ஓர் எழுத்துப்பிழை பிடித்தார், மற்றப்படி நல்லது என்றார். செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு நன்றி நவிலல் என்று இப்படி அச்சடிக்கிற பழக்கம் அவர்களுடைய ஆட்களிடம் இல்லை.

இராசமலருக்குக் காட்டவில்லை. அவளுக்கு ஒரு சந்தோசமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆட்கள் சாப்பிட வருகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பிளாசாக் கடையின் அறிவித்தல் பலகையில் அதை ஒட்டினேன். அங்கே ஏற்கெனவே முட்டை வடிவப் படங்களோடு நான்கு அறிவித்தல்கள் இருந்தன. நான் படங்களைப் பார்க்கவில்லை. நடுவே இருந்த இடைவெளியை அளந்தேன். ஐந்தாவதுக்கு இடம் சரியாக இருந்தது. கடைக்காரர் அந்தக் கிழமை ஊரில் இல்லை, பலகையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே வேறு ஆள் இல்லை.

யாரோ ஒருவர் அதைப் படம் எடுத்து வற்சப்பில் போட்டார். அது ஸ்காபரோவைச் சுற்றி, பார்க்டேலுக்குப் போய், அங்கிருந்து மொன்றியலுக்குப் போனது. சாப்பாடு தந்தவர்களை வாயாலேயே கூப்பிட்டிருந்தேன், அவர்கள் அறிவித்தலைக் காணவில்லை. மற்றவர்கள் ஒருவரும் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. செத்தவீட்டுக்கு வராமல் விட்டுவிட்டோமே என்று எல்லோருக்கும் வெட்கம். எந்த முகத்தோடு எடுப்பது? முப்பத்தொன்றுக்கு நேரே போவோம் என்று எல்லோரும் தனித்தனியாக முடிவெடுத்திருந்தார்கள்.

வாசலில்

மச்சானை வாசலில் விட்டிருந்தேன்.

என் கைகள் நிலையில் இருந்தன. அவர் என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்து, சுவரில் படத்தைத் தேடினார். அடுப்பிலிருந்து வான்கோழி வாசம் வந்தது. அவருடைய மூக்கு அதைப் பிடித்ததைக் கண்டேன். நெற்றி சுருங்கியது.

அந்த நேரம் குசினியிலிருந்து குரல் வந்தது. "இஞ்சாருங்கோ, ஆர் வந்திருக்கினம்?"

பை கீழே விழுந்தது. அவர் பக்கத்துச் சுவரைப் பிடித்தார். எழுபத்தெட்டு வயது மனிதர், இரவு முழுவதும் பஸ்சில் இருந்து வந்தவர். அவரைப் பிடிப்பதா, அவளைத் தடுப்பதா என்று நான் திரும்புவதற்குள் அவள் வந்துவிட்டாள். கையில் கத்தி, விரலில் தக்காளி விதை.

அவள் தமையனைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். நிலத்தில் கிடந்த மாலையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஆரின்ர செத்தவீடு அண்ணை?"

அவர் மாலையைக் கையால் காட்டினார்.

"உன்ர."

லிஃப்ற் மேலே போகிற சத்தம் கேட்டது. அவள் கத்தியை என் கையில் தந்தாள். விரலைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள்.

"அப்ப இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகவேணும்," என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

நான் அவளைக் கதிரையில் இருத்தி, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு எண்பத்துநாலு. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். எண்பத்துநாலுதான்.

"உங்கட எண்ணிக்கையை விடுங்கோ," என்றாள் இராசமலர்.

நிலத்தில் அவளுடைய காலடியில் இருந்த மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதினொரு ஆண்டுகளில் முதல் தடவையாக எனக்குச் சார்பாக ஒன்று சொன்னார்.

"எண்ணட்டும் விடு."

ஐம்பத்தேழு

பன்னிரண்டு மணிக்கு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். நான் எதிர்பார்த்தது இருபத்துமூன்று பேர். வந்தது ஐம்பத்தேழு. லிஃப்ற் திறக்கத் திறக்க வெள்ளைச் சீலையும் வெள்ளைச் சேட்டும். இரண்டாவதாக வந்த ஒரு கணவனும் மனைவியும் நடைபாதையில் வான்கோழி வாசத்துக்கு நின்றுவிட்டார்கள். "முப்பத்தொண்டுக்கு இறைச்சியோ?" என்று மனைவி மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. நசீமா லிஃப்ற் வாசலிலேயே காவல் நின்றார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அவர் சொன்னது ஒரே வசனம்: "ஆள் இருக்கிறா. அழாதீங்க, ஆள் இருக்கிறா."

ஆனாலும் அழுதார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் பார்க்டேலில் என்னோடு ஒரே அறையில் படுத்தவர் வந்திருந்தார். அதற்குப் பிறகு அவரை நான் கண்டதில்லை. இராசமலரின் கையைத் தொட்டுப் பார்த்தார். எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பது போல.

ஒருவர் இறந்தால் யார் யார் வருவார்கள், எப்படி வந்து நிற்பார்கள் என்று அவர் பார்ப்பதற்கு வழி இல்லை. என் மனைவி கதிரையில் இருந்து அதைப் பார்த்தாள். நான் சுவரோடு நின்று அவள் பார்ப்பதைப் பார்த்தேன். எண்ணிக்கை நாற்பதில் ஒரு தடவை விட்டுப்போனது. மறுபடி தொடங்க மனம் வரவில்லை. ஐம்பத்தேழு என்பது நசீமா சொன்ன கணக்கு.

திங்கட்கிழமை என்பதால் முக்கால்வாசிப் பேர் சைவம். ஏழு கிலோ வான்கோழியை நசீமாவின் வீட்டாரும் என் தொழிற்சாலை நண்பர்களும் தின்றார்கள். மற்றவர்களுக்குச் சோறும் பூசணிக்காய்க் கறியும். மாலையை என்ன செய்வது என்று மச்சான் தவித்தார், குப்பையில் போடவும் பயம். "எனக்குத்தானே வாங்கினது, தாங்கோ," என்று அவள் வாங்கி, மேசை நடுவில் மகள் அழகுக்கு வைத்திருந்த முழுப் பூசணிக்காய்க்குப் போட்டுவிட்டாள்.

இந்தத் திருநாள் எங்கே தொடங்கியது என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமாகத் தெரியாது. படித்தவர்களே ஒத்துக்கொள்ளாத வழக்கு. ஆனால் அன்று மதியம், பந்தியில் தங்கச்சியின் பக்கத்தில் இருந்து, மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்ட மச்சானைப் பார்த்தபோது, அந்தக் குடாவில் நின்றவர்களை நினைத்தேன். பனிக்குள் போய்விட்டது என்று நினைத்த கப்பலின் பாய் தூரத்தில் தெரிந்தால், பக்கத்தில் வயல் எதற்கு?

மறுப்பு

மச்சான் மூன்று நாள் நின்றார். புதன்கிழமை சொன்னார்: "மறுப்பு ஒண்டு பேப்பரில போடு. சனம் இன்னும் அழுதுகொண்டிருக்கு."

எழுதினேன். இராசமலர் நலமாக இருக்கிறாள், தவறுக்கு வருந்துகிறோம் என்று ஒன்பது வரி. அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்தார். திருப்பித் தந்தார்.

நான் தாளை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே, தலைப்புக்கு அடுத்ததாக, ஒரு வரி சேர்த்தேன்: "இராசமலரின் அண்ணன் தில்லையம்பலம் அறியத்தருவது." மறுபடி அவரிடம் நீட்டினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினார்.

"பத்து," என்றார். "இப்ப சரி."

போன கிழமை இதே பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அதை வாசித்திருப்பீர்கள். நான் இதில் தொடர் எழுதுகிறவன் என்பதற்காக ஆசிரியர் சலுகை எதுவும் தரவில்லை. வரிக்கு எட்டு டொலர் ஐம்பது சதம், பத்து வரிக்கு எண்பத்தைந்து, அதற்கு அரசாங்க வரி பதினொரு டொலர் ஐந்து சதம். மொத்தம் தொண்ணூற்றாறு டொலர் ஐந்து சதம்.

அதில் மச்சானின் வரி, வரிக்கு வரி சேர்த்து, ஒன்பது டொலர் அறுபத்தொரு சதம்.